உப்புத்தாளை எடுப்பதற்கு முன்

புதுச்சேரி உப்பளத்தில் அக்கா வீட்டுச் சமையலறையில் ஒரு சுவர் அலமாரி இருக்கிறது. தேக்குச் சட்டம், இரண்டு கதவு, உள்ளே நான்கு தட்டு. கடல் பக்கத்திலேயே இருப்பதால் உப்புக் காற்று எதையும் விட்டுவைப்பதில்லை. கீல் துருப்பிடிக்கும், மழைக்காலத்தில் கதவு உப்பிக்கொண்டு மூடாது, பெயிண்ட் செதில் செதிலாக எழும்பும். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது இதையும் முடித்துவிடலாம் என்று பெயிண்டரை வரச்சொன்னோம். அவர் உப்புத்தாளை மடித்து ஓரத்தில் நாலு இழுப்பு இழுத்தார். மேலே வெள்ளை, அதன் கீழே வெளிர்நீலம், அதற்கும் கீழே கிளிப்பச்சை, அடியில் மஞ்சள். "அஞ்சாறு கோட்டு இருக்குதுக்கா, ஒரு நாள் பூரா தேய்க்கணும்" என்றார். பத்தே நிமிடத்தில் அடுப்பு மேடையிலும் இட்லிக் குண்டான் மூடியிலும் மாவு போலத் தூள் படிந்துவிட்டது. தரையில் தவழ்ந்துகொண்டிருந்த பேரன் அந்தத் தூள் ஒட்டிய விரலை வாயில் வைத்தான். அண்ணே, நிறுத்துங்க என்றேன்.

பயந்தது காரீயத்துக்கு. ஈயம் என்றதும் ரசம் வைக்கும் ஈயச்சொம்பு நினைவுக்கு வரும். அது வெள்ளீயம், வேறு உலோகம். காரீயம் நஞ்சு. எனாமல் பெயிண்ட் சீக்கிரம் காயவும் நிறம் எடுப்பாகத் தெரியவும் காரீயச் சேர்மங்களைப் பல்லாண்டுகளாகக் கலந்துவந்தார்கள். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, பச்சை ஆகிய நிறங்களில் அது கூடுதலாக இருக்க வாய்ப்பு உண்டு. மரத்தோடு இறுக ஒட்டிக் கிடக்கும்வரை அதனால் பெரிய தொல்லை இல்லை. தேய்த்துத் தூளாக்கும்போதுதான் அது மூச்சிலும் சோற்றிலும் கலக்கிறது.

உடம்புக்குள் இந்த அளவு வரை பரவாயில்லை என்று சொல்லக்கூடிய காரீய அளவே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். விழுங்கிய காரீயத்தில் பெரியவர் உடம்பு ஏற்பதைப்போல 4 முதல் 5 மடங்கு வரை குழந்தையின் உடம்பு ஏற்கிறது. இரும்புச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் குறைந்த பிள்ளைகளிடம் இன்னும் அதிகம். மூளை வளர்ச்சியைத்தான் முதலில் தாக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. எலும்பில் போய்த் தங்கும் காரீயம், பெண் கருவுற்றிருக்கும்போது மறுபடி இரத்தத்தில் கலந்து கருவையும் எட்டும். சந்தேகம் இருந்தால் பிள்ளைக்கு இரத்தத்தில் காரீய அளவு பார்க்கும்படி மருத்துவரிடம் கேளுங்கள். ஒரு டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால் அது எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்தியாக வேண்டும்.

புதுச்சேரியை ஆண்ட பிரான்ஸ், தன் நாட்டில் கட்டடப் பூச்சு வேலைக்கு வெள்ளைக் காரீயத்தைத் தடை செய்யும் சட்டத்தை 1909-லேயே இயற்றியது. இந்தியாவில் வீட்டு உபயோகப் பெயிண்டில் காரீயத்தை 90 பிபிஎம் அளவுக்குள் கட்டுப்படுத்தும் விதிகள் 2016-ல் வெளிவந்து, 2017 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. நம் புதுச்சேரியின் விடுதலை நாளும் நவம்பர் 1 என்பதால் தேதி நமக்கு மறக்காது. அந்த நாளுக்கு முன் அடித்த எந்த எனாமலையும் காரீயம் உள்ளதாகவே எண்ணி நடப்பது நல்லது. சட்டம் புது டப்பாவைத்தான் கட்டுப்படுத்தும். அலமாரிக் கதவில் ஏற்கெனவே ஏறிக் கிடக்கும் கோட்டை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அதனால் பழைய பெயிண்டை உலர்வாகத் தேய்க்கவே கூடாது. தீப்பந்தம் காட்டியோ சூடேற்றியோ உரிக்கவும் கூடாது, காரீயம் புகையாகி எழும். பழைய கோட்டு கெட்டியாக இருந்தால் அடிவரை சுரண்ட வேண்டிய அவசியமே இல்லை. சோப்புத் தண்ணீரால் எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவி, வாட்டர் பேப்பரை நனைத்து மினுமினுப்பு போகும் அளவுக்கு மட்டும் தேய்த்து, ப்ரைமர் போட்டு மேலே அடிக்கலாம். கதவைக் கழற்றி வெளியே எடுத்துப்போய்ச் செய்வது இன்னும் நல்லது. பாத்திரங்களை முதலில் வெளியேற்றுங்கள். கீழே பாலித்தீன் விரியுங்கள். முடிந்ததும் துடைப்பம் போடாமல் ஈரத்துணியால் துடையுங்கள். வேலை நடக்கும் நாட்களில் குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்த வீட்டில் இருக்க வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கழற்றிய பழைய கதவை வெந்நீர் அடுப்புக்கு விறகாக உடைப்பது நம் ஊரில் சாதாரணம். பெயிண்ட் அடித்த மரத்தைத் தயவுசெய்து எரிக்காதீர்கள். சுரண்டிய செதிலும் காலி டப்பாவும் வீட்டு அபாயக் கழிவு. தனியாகக் கட்டி, அதைச் சொல்லியே நகராட்சிப் பணியாளரிடம் கொடுங்கள்.

குளியலறை அலமாரியில் ஆபத்து வேறு மாதிரி. ஜன்னல் சிறியது, காற்றோட்டம் இல்லை. பெயிண்டை உரிக்கும் திரவங்கள் சிலவற்றில் மெத்திலீன் குளோரைடு இருக்கும். அதன் ஆவி காற்றைவிடக் கனமானது, தாழ்வான இடத்தில் தேங்கும், உடம்புக்குள் போய்க் கார்பன் மோனாக்சைடாகவும் மாறும். அமெரிக்காவில் 2000 முதல் 2011 வரை குளியல் தொட்டிகளைப் புதுப்பிக்கும் வேலையில் மட்டும் 13 பேர் இதனால் இறந்தார்கள். பிறகு 2019-ல் பெயிண்ட் உரிப்பதற்காக அதைப் பொதுமக்களுக்கு விற்பதை அந்நாடு தடை செய்தது. டப்பாவில் அந்தப் பெயரைப் பார்த்தால் குளியலறைக்குள் கொண்டுபோகாதீர்கள். முகத்தில் கட்டும் துணியோ என்95 முகக்கவசமோ இந்த ஆவியைத் தடுக்காது. சமையலறையில் தின்னர், டர்பன்டைன் திறக்கும் முன் சிலிண்டர் ரெகுலேட்டரை மூடுங்கள், அடுப்பையும் சாமி விளக்கையும் ஏற்றாதீர்கள். லின்சீட் ஆயில் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் போட்டு மூடுங்கள்.

கடையில் டப்பாவைத் திருப்பிப் பார்ப்பது உங்கள் உரிமை. காரீயம் 90 பிபிஎம்முக்கு மேல் இல்லை என்ற வாசகம், தயாரிப்பாளர் பெயரும் முகவரியும், தயாரித்த மாதம், பேட்ச் எண் எல்லாம் இருக்க வேண்டும். இல்லையென்றால் வாங்காதீர்கள், புதுச்சேரி மாசுக் கட்டுப்பாட்டுக் குழுமத்துக்கு எழுதுங்கள். தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கான பெயிண்டை இந்த விதி கட்டுப்படுத்தாது. விலை மலிவு என்று அதைச் சமையலறைக்கு வாங்கிவிடாதீர்கள்.

ரசீதில்லாமல் ஒருமுறை நான் அட்வான்ஸ் கொடுத்தேன். மூன்று மாதத்தில் குளியலறைக் கதவின் பாலிஷ் கொப்பளித்தபோது காட்டுவதற்குக் கையில் ஒரு தாள் இல்லை. ஆகவே எந்த பிராண்ட், எத்தனை கோட்டு, எவ்வளவு கூலி என்று எழுதி வாங்குங்கள். வேலைக்கு முன்னும் பின்னும் படம் எடுங்கள். பணம் அனுப்பிய விவரத்தை அழிக்காதீர்கள். குறை இருந்தால் முதலில் எழுத்தில் தெரிவியுங்கள், பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம், வக்கீல் கட்டாயமில்லை, கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமும் இல்லை. 2 ஆண்டுக்குள் போட வேண்டும். பெண்கள், பட்டியல் இனத்தவர் வருமானம் எதுவானாலும் இலவச சட்ட உதவி பெறலாம். எண் 15100.

பெயிண்டர் அண்ணனிடம் கட்டடத் தொழிலாளர் நல வாரிய அட்டை இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார். 18 முதல் 60 வயதுக்குள், கடந்த 12 மாதத்தில் 90 நாள் வேலை செய்திருந்தால் பதிவு செய்யலாம். நாம் ஒரு நாள் சுவாசிக்கும் தூளை அவர் தினமும் சுவாசிக்கிறார், அதே சட்டையோடு வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்குகிறார். அன்று சோப்பும் ஒரு வாளி தண்ணீரும் எடுத்துக் கொடுத்தோம். கை, முகம் கழுவிச் சட்டை மாற்றிக்கொண்டுதான் சாப்பிட உட்கார்ந்தார். மறுநாள் கதவுகளைக் கழற்றிக் கொல்லைப்புறம் கொண்டுபோய், வாட்டர் பேப்பரும் ஒரு வாளித் தண்ணீருமாக வேலையை ஆரம்பித்தார். பேரனை மூன்று நாளைக்கு என் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன்.