தகடு காத்த குடும்பம்

நம் தமிழகத்துச் சிறு நகரங்களில், கடைத்தெரு மாடியில் இருந்த போட்டோ ஸ்டூடியோவை அறியாதார் இலர். திருமணம் முடித்த தம்பதியரும், அறுபதாம் கல்யாணம் கண்ட பெரியோரும், பிழைப்பு நாடி அயலூர் புறப்பட்ட இளைஞரும் அங்கே வண்ணம் தீட்டிய திரையின் முன் நின்றனர். தந்தை படமெடுப்பார், மகன் இருட்டறையில் தகடு கழுவுவான். அநேகமாக அது ஒரு குடும்பத் தொழிலாகவே இருந்தது.

இத்தொழில் நம் நாட்டில் வேரூன்றிய வரலாற்றுக்குத் தக்க சான்று லாலா தீன் தயாளின் குடும்பம். மீரட்டை அடுத்த சர்தானாவில் 1844-இல் பிறந்த அவர், ரூர்க்கியில் பொறியியல் பயின்று, 1866-இல் இந்தூர் பொதுப்பணித் துறையில் சேர்ந்தார். படக்கலை முதலில் அவருக்குப் பொழுதுபோக்கே. பின்னர் அதுவே வாழ்வாயிற்று. அதற்குக் காலமும் துணை நின்றது. முன்பெல்லாம் கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, ஈரம் உலருமுன் படமெடுத்துக் கழுவ வேண்டும். உலர்தகடு வந்த பிறகு தகடுகளைச் சேமித்து வைத்து, வேண்டும்பொழுது எடுத்தாளலாயினர்.

படைவீடாகிய செகந்திராபாத்தில் 1886-இல் அவர் ஸ்டூடியோ அமைத்தார். மக்கள் ஞான்சந்தும் தரம்சந்தும் உடனுழைத்தனர். திரைமறைவில் வாழ்ந்த மாதர் தயக்கமின்றி வந்து படமெடுத்துக் கொள்ளும் பொருட்டு, 1892-இல் ஓர் ஆங்கில மாதின் பொறுப்பில் தனி ஸ்டூடியோவும் நிறுவினார். 1894-இல் நிஜாம் அவருக்கு ‘ராஜா’ விருதளித்துச் சிறப்பித்தார். 1896-இல் பம்பாயிலும், அதாவது இன்றைய மும்பையிலும், கிளை தோன்றியது. 1905-இல் அவர் மறைந்தார்.

மன்னர் தந்த விருதினும் பெரிது ஒன்றுண்டு. அக்குடும்பத்தார் தகடுகளுக்கு எண்ணிட்டுப் பல்லாண்டுகள் பேணினர். அவற்றுள் 2,857 கண்ணாடித் தகடுகளை 1989-இல் புது தில்லி இந்திரா காந்தி தேசியக் கலை மையம் பெற்றது. இன்றும் அக்கால மாந்தரை நாம் முகம் பார்த்து அறிகிறோமெனில், அப்பேணுதலே காரணம்.

எல்லா ஸ்டூடியோக்களுக்கும் இப்பேறு வாய்க்கவில்லை. வெப்பமும் ஈரமும் தகடுகளை அரிக்கின்றன. கடை மூடப்படும்போது அவை குப்பையாகக் கழிகின்றன. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, 1880 முதல் 1980 வரையிலான தமிழக ஸ்டூடியோப் படங்களைத் தேடிக் கணினியில் பதிவு செய்துள்ளனர். எனினும் ஊர்தோறும் உள்ளவற்றை ஒரு நிறுவனம் மட்டும் காத்தல் இயலுமோ?

மகர்பட்டா வாழ் தமிழன்பர்களே! நம் வீட்டுப் பெட்டிகளிலும் அத்தகைய படங்கள் உறங்குகின்றன. இங்கே பிறந்து வளரும் நம் குழந்தைகள் ஊர்ப் பெரியவர்களை அவற்றின் வாயிலாகவே அறிய வேண்டும். ஆனால் பெயரற்ற படம் மூன்றாம் தலைமுறையில் அந்நியர் படமாகிவிடும். ஆதலின், விவரம் அறிந்த மூத்தோர் நம்மோடிருக்கும்போதே அவர்களைக் கேட்டு, படத்தின் பின்புறம் மெல்லிய பென்சிலால் பெயர், ஊர், ஆண்டு எழுதுங்கள். மை ஊறும் பேனா வேண்டாம். வெயிலும் ஈரமும் படாமல் வையுங்கள். அடுத்த முறை ஊர் செல்கையில் அப்பழைய ஸ்டூடியோவின் படியேறி, தகடுகள் உள்ளனவா என்று ஒரு சொல் கேளுங்கள். கேட்பார் உண்டென்று அறிந்தால், காப்பாரும் உண்டாவர்.