உபாத்தியாயருக்கு ஏற்ற எடிட்டர்

திருப்பத்தூர் மாவட்டத்து ஜவ்வாது மலைமேல், புதூர்நாட்டையும் புங்கம்பட்டுநாட்டையும் போல நெல்லிவாசல்நாடும் ஓர் ஊராட்சி. சாமை விளையும் அந்த மலைநாட்டில் கணிதம் போதிக்கும் உபாத்தியாயர் ஒருவர், “40 கிலோ சாமையைக் குத்தும்போது அதில் காற்பங்கு உமியாகப் போகுமாயின் மிஞ்சும் அரிசி எவ்வளவு?” என்ற வினாவை இணையவழிப் பாடத்தில் சேர்க்க விரும்புவதாக வைத்துக்கொள்வோம். விடை 30 என்பதை எந்த யந்திரமும் சரிபார்த்துவிடும். ஆனால், 10 என்று எழுதும் பிள்ளை உமியின் அளவைச் சரியாகவே கண்டுபிடித்து, அதைக் கழிக்க மறந்து அங்கேயே நின்றுவிட்டது என்பதை அந்த உபாத்தியாயர் தம் அனுபவத்தால் அறிவார்; அந்த ஞானத்தையும் வினாவோடு சேர்த்து எழுதிவைக்க இடமிருக்கிறதா என்பதைக் கொண்டே பாடம் எழுதும் மென்கருவியாகிய எடிட்டரின் தகுதியை நிர்ணயிக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்ற அனந்த் அகர்வாலின் தலைமையில், எம்.ஐ.டி.யும் ஹார்வர்டும் சேர்ந்து 2012-இல் ஸ்தாபித்த இணையவழிப் பாடத்தளமான எட்எக்ஸ், மறு ஆண்டிலேயே தன் மென்பொருளை எவரும் எடுத்துப் பயன்படுத்துமாறு திறந்துவிட்டது. அதில் பாடம் அமைப்பதற்கான ‘ஸ்டூடியோ’வின் எளிய எடிட்டரில், தவறான தெரிவுக்கு முன் வெற்று அடைப்புக்குறியும், சரியான தெரிவுக்கு முன் பெருக்கல் குறி போன்ற ஓர் எழுத்து இட்ட அடைப்புக்குறியும் போதும். 10 என்ற தெரிவின் பக்கத்திலேயே இரட்டை நெளிவு அடைப்புக்குள், “இது உமி, அரிசி எங்கே?” என்று எழுதிவிட்டால், அதைத் தேர்ந்த பிள்ளைக்கு அந்த வாசகம் தோன்றும். இவ்வளவும் மிகுந்த சௌகரியமே. எனினும் அதற்கு மேற்பட்ட நுட்பம் ஒன்றை விரும்பியவர் எக்ஸ்.எம்.எல். என்னும் குறிமொழிக்குச் செல்ல நேர்ந்தது. சென்றபின் அந்த வினாவுக்கு எளிய வடிவத்திற்குத் திரும்பும் மார்க்கம் அன்று இல்லை. நிரல் கல்லாத ஆசிரியர் தாமே எழுதிய வினாவைத் தாமே திருத்த முடியாமற் போவது சிறிய குறையன்று. படிவத்தை நிரப்புவதுபோல் எழுதும் எடிட்டர் பின்னரே வந்தது.

தமிழில் விடை எழுதச் சொல்லும்போது வேறொரு சங்கடம் நேர்கிறது. ‘கொன்றை’ என்பதன் முதலெழுத்தைக் கணினி இரண்டு விதமாகச் சேமிக்கக்கூடும்: ககரத்தோடு ஒகரக்குறி ஒன்றாகவோ, ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாகவோ. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. குறியெண்களை மட்டும் ஒப்பிடும் யந்திரத்திற்கோ அவை வெவ்வேறு சொற்கள், ஆகவே சரியாக எழுதிய பிள்ளைக்குத் தவறு என்ற தீர்ப்புக் கிடைக்கலாம். யூனிகோடு விதித்துள்ள நியமப்படுத்தலைச் செய்தபின் ஒப்பிட்டால் இவ்வநீதி நீங்கும். ஆனால் ‘ஔவை’ என்பதை ஒகரமும் ளகரமும் சேர்த்து எழுதுவோர் அநேகர். அதை அந்த நியமம் தீர்க்காது, எடிட்டரை அமைப்பவரே தனியாகக் கவனித்தாக வேண்டும்.

தமிழ்நாட்டில் இத்தகைய கருவிகளை உருவாக்க முன்வரும் இளைஞர்கள், தங்கள் எடிட்டரைப் பூர்த்தி செய்வதற்கு முன் மலைப்பள்ளி உபாத்தியாயர் ஒருவரை அழைத்து, உதவி எதுவும் செய்யாமல், அவர் கையாலேயே ஒரு வினாவை எழுதவும் மறுநாள் அதைத் திருத்தவும் வைத்துப் பார்க்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.