கன்று போட்ட பசுவிடம் ஜாக்கிரதை!

நேற்று வரை கையில் தீனி வாங்கித் தின்ற பசு. தட்டிக் கொடுத்தால் தலையை ஆட்டும். இன்று விடியற்காலை கன்று போட்டது. கன்றைப் பார்க்கப் போன எஜமானை முட்டிக் கீழே தள்ளிவிட்டது!

அமெரிக்க மாட்டுப் பண்ணைகளில் இது புதிய கதை அல்ல. ஆண்டுதோறும் நடப்பதுதான்.

அமெரிக்காவின் நடுவில் நெப்ராஸ்கா என்று ஒரு மாநிலம் இருக்கிறது. அங்கே மனிதர்கள் சுமார் 20 லட்சம் பேர். மாடுகளோ 60 லட்சத்துக்கு மேல்! பெரும்பாலும் இறைச்சிக்காக வளர்க்கும் மாடுகள். பால் கறக்க ஆள் வருவதில்லை. அதனால் மனிதன் கை பட்ட பழக்கம் குறைவு.

பனியில் பிறக்கும் கன்று

பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை பண்ணைக்காரருக்குத் தூக்கம் கிடையாது. இரவில் இரண்டு, மூன்று மணிக்கு ஒரு முறை டார்ச் விளக்குடன் எழுந்து போகவேண்டும். ஈரக் கன்று பனியில் கிடந்தால் காது உறைந்துபோகும். விறைத்த கன்றைத் தூக்கி வந்து, சமையல் அறையில் போட்டுச் சூடு காட்டும் குடும்பங்களும் உண்டு!

பிறந்த உடனே தொப்புளில் மருந்து தடவவேண்டும். காதில் எண் அட்டை மாட்டவேண்டும். இரண்டு நாள் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்றால் கன்று கையில் சிக்காது. ஓடிவிடும்! எனவே, முதல் நாளே பிடிக்கிறார்கள்.

வம்பு அங்கேதான்.

கன்றை மடக்கிப் பிடித்துக் காதில் துளை போட்டதும், அது கத்தும். அந்த ஒரு குரல் போதும். 550 கிலோ எடையுள்ள தாய், தலையைத் தாழ்த்திக்கொண்டு பாய்ந்து வரும். அங்குள்ள மாடுகளில் பலவற்றுக்குக் கொம்பே இல்லை. கொம்பு எதற்கு? தலையே சம்மட்டி! கீழே விழுந்தவரை எழவிடாமல் தரையோடு அழுத்தும். வேலி தாண்டியவர் பிழைத்தார். மோட்டார் வண்டிக்கு அடியில் உருண்டு தப்பியவர்களும் உண்டு.

துணைக்கு நாயை அழைத்துப் போனாலோ, தொல்லை இரட்டிப்பு! பசுவின் கண்ணுக்கு நாயும் ஓநாயும் ஒன்று. அது நாயைத் துரத்தும். நாய் என்ன செய்யும்? எஜமான் காலுக்குப் பின்னால் வந்து ஒளியும். பிறகு முட்டு யாருக்கு?

பிரசவம் பார்க்கும்போதும் ஆபத்துதான். முதல் தடவை ஈனும் கிடாரிக்குக் கன்று சிக்கிக்கொள்ளும். கன்றின் முன்னங்கால்களில் கயிறு கட்டி இழுப்பார்கள். அந்தக் கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது. மாடு திடீரென்று எழுந்து ஓடினால், ஆளையும் சேர்த்து இழுத்துப்போய்விடும்!

21 சாவுகள்

அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு மையம் 2009-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. நெப்ராஸ்கா, அயோவா, கன்சாஸ், மிசௌரி ஆகிய 4 மாநிலங்களில், 2003 முதல் 2008 வரை மாடுகளால் இறந்த 21 பேரைப் பற்றிய அறிக்கை அது. 10 பேரைக் கொன்றவை காளைகள். ஆனால், 6 பேரைக் கொன்றவை தனிப் பசுக்கள்! மீதி 5 பேர் மாட்டுக் கூட்டத்தில் சிக்கியவர்கள். 16 சம்பவங்களில் மாடு வேண்டுமென்றே தாக்கியிருக்கிறது.

ஒருவர் கதை பரிதாபம். மாட்டுக்குப் போடும் மருந்து ஊசியைப் பையில் வைத்திருந்தார். பசு முட்டித் தள்ளியது. ஊசி அவர் உடம்பிலேயே ஏறிவிட்டது. அந்த மருந்து மாட்டுக்கு நல்லது, மனிதனுக்கு விஷம்.

"முட்டும் பசுவை விற்றுவிட வேண்டியதுதானே?" என்று கேட்பீர்கள். பலர் விற்கத்தான் செய்கிறார்கள். ஆனால், மனம் வருவதில்லை. கயோட்டி என்ற காட்டு நாய் கன்றைத் தூக்க வந்தால், சாதுப் பசு பார்த்துக்கொண்டு நிற்கும். முட்டும் பசுதான் விரட்டி அடிக்கும். அதன் கன்றுதான் பிழைக்கும். அந்தக் கன்றை விற்றுத்தான் பண்ணைக்காரர் வீட்டில் உலை கொதிக்கவேண்டும்.

இப்போது சிலர் சின்ன வண்டியின் பக்கவாட்டில் கம்பிக் கூண்டு ஒன்றைப் பொருத்திக்கொள்கிறார்கள். கன்றைக் கூண்டுக்குள் இழுத்துக்கொண்டு, உள்ளே இருந்தபடியே அட்டை மாட்டுகிறார்கள். தாய் வெளியே சுற்றிச் சுற்றி வரும். கம்பியை முட்டும். வேலை முடிந்து கதவைத் திறந்ததும், கன்றை மோந்து பார்க்கும். காதை நக்கும். பிறகு, வண்டியை ஒரு முறை முறைத்துவிட்டு, கன்றை ஓட்டிக்கொண்டு போய்விடும்.