விமானத்தில் போகும் முதுகுப் பை



இன்றைய பேச்சு மூட்டை கட்டுவதைப் பற்றியது. "இதற்கும் ஒரு பேச்சா?" என்று தாய்மார்கள் சிரிக்கக் கூடும். ரஜுலா கப்பலில் டிரங்குப் பெட்டியோடும் பாயோடும் பினாங்குக்கு வந்து இறங்கியவர்களின் பேரப் பிள்ளைகள் நாம். மூட்டை கட்டும் வித்தை நமக்குப் புதிதன்று. ஆனால் ஒரு வேற்றுமை உண்டு. கப்பலில் பெட்டி நம் தலைமாட்டிலேயே இருந்தது. ஆகாய விமானத்திலோ, பெரிய பையை முகப்பில் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு ஏறுகிறோம். அடுத்த ஊரில் அதை மீண்டும் காணும் வரை, நாம் அறியாத பல கைகளிலும் இயந்திரங்களிலும் அது பிரயாணம் செய்கிறது.

நம் மலாக்கா மாநிலத்துத் தோட்டப்புற இளைஞர்களிடையே இப்போது மலையேறும் ஆர்வம் வளர்ந்து வருகிறது. அசாஹான், ஜாசின் பக்கத்தில் வாழ்பவர்கள் 1,276 மீட்டர் உயரமுள்ள லேடாங் மலையைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவர்கள். அந்த மலைக்குப் போக விமானம் வேண்டாம். மோட்டார் சைக்கிளே போதும். லேடாங் ஏறியவனுக்கு அடுத்த ஆசை சபா மாநிலத்தின் கினபாலு மலை. அதன் உயரம் 4,095 மீட்டர். 1997-ஆம் ஆண்டு மே 23-ஆம் தேதி, மலேசியர்களில் முதன்முதலாக எவரெஸ்ட் சிகரத்தை அடைந்த எம். மகேந்திரன், என். மோகனதாஸ் இருவரும் தமிழர்கள் என்பதை நம் பிள்ளைகள் மறக்கவில்லை. ஆகையால் இந்த ஆசையை நாம் தடுக்க வேண்டியதில்லை. அதற்கு வேண்டிய அறிவைக் கொடுத்தால் போதும்.

கினபாலு மலையில் நினைத்த நாளில் ஏற இயலாது. நாளொன்றுக்கு இத்தனை பேர் என்று கணக்கு உண்டு. வழிகாட்டி கட்டாயம். ஏறத்தாழ 3,270 மீட்டர் உயரத்தில் இரவு தங்கும் இடத்துக்கும் முன்கூட்டியே பணம் கட்டியாக வேண்டும். விடியற்காலையில் உச்சிக்குப் போகும்போது குளிர் எலும்பைத் துளைக்கும். மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்துச் சேர்த்த வெள்ளி அத்தனையும் அந்த ஒரே தேதியை நம்பி இருக்கிறது. அன்றைக்குப் பை வந்து சேராவிட்டாலும், வார் அறுந்து வந்தாலும், இழப்பு பையின் விலையோடு நிற்காது.

முதலில், பைக்கு என்ன நேர்கிறது என்று பார்ப்போம். முகப்பில் இருக்கும் ஊழியர் பையை நிறுத்து, பட்டைக்கோடு அச்சிட்ட நீண்ட சீட்டு ஒன்றைக் கட்டுகிறார். பை நகரும் பட்டையில் உள்ளே போகிறது. பாதுகாப்புச் சோதனைக்காக எக்ஸ்ரே கருவியின் வழியே செல்கிறது. சீட்டைக் கருவி படித்து, எந்த விமானத்துக்கு உரியது என்று பிரித்து அனுப்புகிறது. பட்டையிலிருந்து பட்டைக்குத் தள்ளப்படுகிறது, சறுக்குப் பாதையில் விழுகிறது, வண்டியில் ஏற்றப்படுகிறது. விமானத்தின் வயிற்றுக்குள் மற்றப் பெட்டிகளோடு அடுக்கப்படுகிறது. இறங்கும் ஊரில் இதே வேலை தலைகீழாக நடக்கிறது.

சாதாரணப் பெட்டிக்கு இதனால் பெரிய துன்பமில்லை. அது வழவழப்பான பக்கங்களையும் உள்ளே அடங்கும் கைப்பிடியையும் கொண்டது. முதுகுப் பையோ மனிதன் முதுகுக்காகத் தைக்கப்பட்டது. தோள் வார், இடுப்புப் பட்டை, மார்புப் பட்டை, இறுக்கும் நாடாக்கள், பிளாஸ்டிக் கொக்கிகள் என்று அதில் தொங்குபவை பல. நகரும் பட்டையின் இடுக்கில் ஒரு நாடா அகப்பட்டால் இயந்திரம் நின்று யோசிப்பதில்லை, இழுத்துக்கொண்டு போகும். கொக்கி உடையும், இல்லையேல் வார் தையலோடு பிய்ந்து வரும். வெட்டுக்காட்டில் தொளதொளவென்ற சட்டையோடு இயந்திரத்தின் அருகே போகாதே என்று நாம் சொல்வது எதற்காகவோ, அதே காரணம்தான் இங்கும்.

ஆகவே முதல் விதி இது: வெளியே ஒன்றும் தொங்கக் கூடாது. எல்லா நாடாக்களையும் இறுக்கி, மிஞ்சிய நுனிகளைச் சுருட்டி, ரப்பர் வளையம் போட்டுச் செருகிவிடுங்கள். இடுப்புப் பட்டையை முன்பக்கமாகத் திருப்பிப் பையையே சுற்றிக் கொண்டுவந்து கொக்கி மாட்டுங்கள். தண்ணீர்ப் போத்தல், ஊன்றுகோல், சுருட்டிய பாய் எதுவும் வெளியே கட்டியிருக்கக் கூடாது. கோலை மடக்கி, முனைக்குத் துணி சுற்றி உள்ளே வையுங்கள்.

இரண்டாவது, உள்ளே அடுக்கும் முறை. கெட்டியான பொருள்கள் பையின் நடுவில் இருக்க வேண்டும்; சுற்றிலும் துணி இருக்க வேண்டும். சமையல் பாத்திரத்தை ஓரத்தில் வைத்தால், மேலே விழும் பெட்டியின் கனத்தில் அது பையைக் கிழிக்கும். பாத்திரத்துக்குள்ளும் காலுறைகளைத் திணித்துவிடுங்கள், நசுங்காது. துணி முழுவதையும் தடித்த பிளாஸ்டிக் பைக்குள் போட்டு வாயைக் கட்டுங்கள். ஓடுதளத்தில் வண்டி காத்திருக்கும்போது மழை பெய்வது நம் நாட்டில் அரிதன்று. அம்மா கொடுக்கும் ஊறுகாய்ப் போத்தலும் இதே போலத் தனிப் பைக்குள், அதற்கு மேல் இன்னொரு பைக்குள் இருக்கட்டும்.

மூன்றாவது, மேலுறை. இதுதான் தலையாய பாதுகாப்பு. பையோடு வரும் மழை உறை இதற்குப் போதாது. அது மெல்லிய துணி. முதுகுப் பக்கத்தை மூடாது. வார்கள் வெளியேதான் கிடக்கும். விமான நிலையத்தில் காசு வாங்கிக்கொண்டு பிளாஸ்டிக் தாள் சுற்றித் தருகிறார்கள். அது நல்லதுதான். ஆனால் போகும்போது ஒரு முறை, திரும்பும்போது ஒரு முறை என்று செலவு. கிழித்தபின் அது குப்பை.

வீட்டிலேயே உறை தைத்துக்கொள்ளலாம். அரிசி வரும் வெள்ளைப் பின்னல் சாக்கு இதற்கு மிகவும் ஏற்றது. கனமில்லை, எளிதில் கிழியாது, வழுக்கிக்கொண்டு போகும். கணக்கைக் கேளுங்கள். 60 லிட்டர் பை ஒன்று ஏறத்தாழ 70 சென்டிமீட்டர் உயரம், 35 அகலம், 30 கனம் என்று வைத்துக்கொள்வோம். சுற்றளவு 130. அதில் பாதி 65. தையலுக்கும் தளர்வுக்கும் 5 கூட்டினால், மடித்துக் கிடக்கும் சாக்கின் அகலம் 70 சென்டிமீட்டர் வேண்டும். நீளத்துக்கு, உயரம் 70. அடிப்புறம் மூடப் பாதிக் கனம் 15. மேற்புறம் மூட 15. வாயைச் சுருக்கிக் கட்ட 15. ஆக 115 சென்டிமீட்டர். ஒரு சாக்கு போதாவிட்டால் இரண்டைப் பிரித்து ஒட்டுத் தையல் போடுங்கள். உங்கள் பையை அளந்து இதே முறையில் கணக்கிடுங்கள். பிள்ளைகளுக்கும் இது நல்ல பயிற்சி.

உறையின் பக்கவாட்டில் தடித்த நாடாவால் ஒரு கைப்பிடி குறுக்கே தைத்துவிடுங்கள். தூக்குபவருக்குப் பிடி இருந்தால் அவர் வாரைப் பிடித்து இழுக்க மாட்டார். பிடி குட்டையாக இருக்கட்டும். நீண்டால் அதுவும் இடுக்கில் மாட்டும். வாயைத் தைத்து மூடிவிடாதீர்கள். பாதுகாப்பு அதிகாரிகள் திறந்து பார்க்க நேரலாம். அவிழ்க்கக் கூடிய முடிச்சு போட்டு, கயிற்று நுனியை உள்ளே செருகுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. தோட்டத்தில் எளிதில் கிடைக்கிறது என்று உரச் சாக்கை எடுத்துவிடாதீர்கள். சில உரங்களில் உள்ள நைட்ரேட் உப்பு, வெடிமருந்திலும் உள்ள பொருள். விமான நிலையத்தில் பையைத் துணித் துண்டால் துடைத்துக் கருவியில் சோதிக்கும்போது, அந்தத் தூளின் சிறு அணுவும் கருவியைக் கூவ வைக்கக் கூடும். குற்றமற்ற பிள்ளை நின்று பதில் சொல்ல வேண்டி வரும். உரம் போடும் வேளையில் அணிந்த சட்டையையும் காலணியையும் கழுவாமல் பையில் வைக்கக் கூடாது என்பதும் இதனால்தான்.

பையைச் சுத்தமாக வைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற நாடுகள், மண் ஒட்டிய காலணியை உள்ளே விடுவதில்லை. இதை வீண் கெடுபிடி என்று எண்ண வேண்டாம். பிரேசில் நாட்டில் 1928-ஆம் ஆண்டு தொடங்கிய ஃபோர்டு நிறுவனத்தின் ரப்பர்த் தோட்டத்தை இலைக் கருகல் நோய் பாழாக்கியது. 1945-இல் அதை விற்றுவிட்டுப் போனார்கள். அந்த நோய் ஒரு பூஞ்சைக் காளானால் வருவது. நம் நாட்டுக்குள் அது நுழையவில்லை. 1896-இல் மலாக்கா புக்கிட் லிந்தாங்கில் டான் சே யான் ரப்பர் நட்ட நாள் முதல், பால்மரத்தை நம்பி வாழ்ந்த குடும்பங்கள் நாம். வெளிநாட்டுக் காட்டிலிருந்து வரும் பையைத் துலக்குவது நமக்கே செய்துகொள்ளும் நன்மை.

நான்காவது, பையில் போடக் கூடாதவை. அடுப்புக்கான எரிவாயுக் குப்பியை எந்தப் பையிலும் கொண்டு போக முடியாது; போகும் ஊரில்தான் வாங்க வேண்டும். தீப்பெட்டியும் லைட்டரும் பையில் கூடாது. கைப்பேசிக்கு மின்னேற்றும் பவர் பேங்க், தலைவிளக்கின் உபரி லித்தியம் பேட்டரி ஆகியவை கைப்பையில்தான் வர வேண்டும். அவை தீப்பிடித்தால் மேலே இருக்கும் ஊழியர்கள் அணைப்பார்கள். சாமான் அறையில் யார் பார்ப்பது? 100 வாட்-மணி வரை முன்அனுமதி தேவையில்லை. மேலே 20,000 மில்லி ஆம்பியர்-மணி என்று போட்டிருந்தால், அதை 3.7 ஆல் பெருக்கி 1,000 ஆல் வகுங்கள். 74 வாட்-மணி வரும், கொண்டு போகலாம். கத்தியோ நேர் மாறு. அதை உறையிட்டுத் துணி சுற்றிப் பெரிய பையில் வைக்க வேண்டும், கைப்பையில் கூடாது.

ஐந்தாவது, பை வராமலே போனால்? அதற்கும் முன்கூட்டியே வழி செய்யலாம். மலையேறும் காலணியைக் காலிலேயே அணிந்துகொண்டு விமானம் ஏறுங்கள். குளிர்ச் சட்டை, மருந்து, பத்திரங்கள், அனுமதிச் சீட்டு எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். மற்றவற்றை அங்கே இரவல் வாங்கலாம். பழகிய காலணியை இரவல் வாங்க முடியாது. பையில் பழைய விமானச் சீட்டு இருந்தால் கழற்றிவிடுங்கள், கருவி குழம்பும். பெயரையும் தொலைபேசி எண்ணையும் வெளியே ஒன்று, உள்ளே ஒன்று எழுதி வையுங்கள். புதுச் சீட்டில் உள்ள மூன்று எழுத்துகளைப் படித்துப் பாருங்கள். கோத்தா கினபாலுவுக்கு பி.கே.ஐ., திருச்சிக்கு டி.ஆர்.இசட்., சென்னைக்கு எம்.ஏ.ஏ. உங்களிடம் தரும் துண்டுச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். அதில் உள்ள எண்தான் உங்கள் பையின் அடையாளம். பையைக் கொடுக்குமுன் கைப்பேசியில் நான்கு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

என் பழைய மாணவர் ஒருவர் கோத்தா கினபாலுவில் இறங்கியபோது, அவருடைய பையின் இடுப்புக் கொக்கி உடைந்து கிடந்தது. நண்பர்கள் அவசரப்படுத்தவே, கயிற்றால் கட்டிக்கொண்டு மலையேறப் போய்விட்டார். ஊர் திரும்பி ஒன்பதாம் நாள் புகார் எழுதினார். கெடு ஏழு நாள். கடந்துவிட்டது என்று விமான நிறுவனம் பதில் எழுதியது. கொக்கி உடைந்தது உண்மை. ஆனால் அதைக் காட்ட அவரிடம் படமும் இல்லை, படிவமும் இல்லை.

ஆகையால் பை சேதமாக வந்தால் சாமான் கூடத்தை விட்டு வெளியேறுமுன்பே அங்குள்ள முகப்பில் சொல்லி, புகார்ப் படிவத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். வெளிநாட்டுப் பிரயாணத்துக்கு 1999-ஆம் ஆண்டின் மொன்ட்ரியல் ஒப்பந்தம் உண்டு. மலேசியாவும் இந்தியாவும் அதில் சேர்ந்தவை. அதன்படி சேதத்துக்குப் பையைப் பெற்ற நாளிலிருந்து 7 நாளுக்குள் எழுத்து மூலம் புகார் செய்ய வேண்டும். தாமதமாக வந்தால் 21 நாள். 21 நாள் ஆகியும் வராத பையை இழந்த பையாகக் கருதி இழப்பீடு கேட்கலாம். 2024 டிசம்பர் 28 முதல் இழப்பீட்டின் உச்ச வரம்பு ஒரு பிரயாணிக்கு 1,519 சிறப்பு எடுப்பு அலகுகள். அதாவது இரண்டாயிரம் அமெரிக்க டாலரைச் சற்று ஒட்டிய தொகை. இது உச்ச வரம்பே தவிர, கேட்டதும் கிடைக்கும் தொகையன்று. எவ்வளவு இழப்பு என்று காட்ட வேண்டும்; ஆகவே வாங்கிய ரசீதை வைத்திருங்கள். உள்நாட்டுப் பிரயாணத்துக்கு, டிக்கெட்டோடு வரும் நிபந்தனைகளைப் படித்துக் கெடுவைத் தெரிந்துகொள்ளுங்கள்.

நேயர்களே, பிள்ளை புறப்படும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே, வீட்டார் எல்லாரும் கூடி உட்கார்ந்து பையை ஒரு முறை கட்டிப் பாருங்கள். உறையோடு சேர்த்து நிறுத்துப் பாருங்கள். டிக்கெட்டில் வாங்கிய எடைக்குள் அடங்க வேண்டும். பிறகு பையைத் தலைகீழாகப் பிடித்து உலுக்குங்கள். ஏதாவது தொங்கினால், மீண்டும் கட்டுங்கள். மலாக்கா சென்ட்ரலில் பேருந்து ஏறும்போது அவசரமாகக் கட்டும் மூட்டையைவிட, லயத்து வாசலில் பொறுமையாகக் கட்டும் மூட்டை பத்திரமாகப் போய்ச் சேரும்.