ஆட்டோமேட்டிக்குக்கு ஒரு டயர், கியர் வண்டிக்கு வேறு டயரா?

டிராக் பந்தயத்துக்குப் பெயர் கொடுக்கும் கடைசி நாள் நெருங்கினால் போதும், சிறுசேரி சிப்காட், நாவலூர், தாம்பரம் பக்கமிருந்து டயரைப் பற்றிய கடிதங்கள் வரிசை கட்டுகின்றன. சாரம் ஒன்றுதான். எழுதியவர் வைத்திருப்பது ஆட்டோமேட்டிக். கூட வேலை பார்ப்பவரிடம் இருப்பது கியர் வண்டி. இரண்டுக்கும் ஒரே டயர் போதும் என்கிறார் கடைக்காரர். கூடவே கூடாது என்கின்றன அமெரிக்க வீடியோக்கள். கால் மைல் என்றால் 402 மீட்டர், பச்சை விளக்கு எரியும் முன் நகர்ந்தால் ஓட்டம் செல்லாது என்பதெல்லாம் இவர்களுக்கு அத்துப்படி. அதை விட்டுவிடுவோம்.

வீடியோக்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அவை பேசுவது பழைய மாமல்லபுரம் சாலை நெரிசலில் ஊர்ந்துகொண்டிருக்கும் கார்களைப் பற்றி அல்ல. ஏன் என்று பார்க்க, சக்கரத்துக்கு விசை எப்படி வந்து சேருகிறது என்பதில் தொடங்க வேண்டும். எவ்வளவு வருகிறது என்பது அடுத்த கேள்வி.

மேனுவல் வண்டியில் லாஞ்ச் எடுப்பவர் கிளட்ச்சை மிதித்தபடி எஞ்சினை நாலாயிரம், ஐயாயிரம் சுற்றுக்கு ஏற்றி வைக்கிறார். அந்த வேகத்தில் சுழலும் ஃப்ளைவீலில் கணிசமான ஆற்றல் சேர்ந்திருக்கும். காலை எடுத்த மறுகணம் எஞ்சினின் முறுக்குவிசையோடு அந்தச் சேமிப்பும் சேர்ந்து கியர்பாக்ஸ், டிரைவ் ஷாஃப்ட் வழியாகச் சக்கரத்தில் போய் மோதுகிறது. கம்பெனி விளம்பரத்தில் பெரிதாகப் போடும் நியூட்டன் மீட்டர் கணக்கில் இந்த அடி சேராது. அந்த எண்ணைப் பார்த்து டயர் வாங்குகிறவர்கள் ஏமாறும் இடம் இதுதான். போதாக்குறைக்கு, இரண்டாம் கியருக்கு மாறும்போது இழுவை ஒரு கணம் அறுந்து, மறுபடி பிடிக்கையில் இன்னொரு அடி விழும்.

டார்க் கன்வெர்ட்டர் உள்ள ஆட்டோமேட்டிக்கில், கிளம்பும் நேரத்தில் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைப்பது வெறும் எண்ணெய். இடது காலால் பிரேக்கை அழுத்திக்கொண்டு ஆக்ஸிலரேட்டரைக் கொடுத்தால், விசை அந்த எண்ணெய் வழியாகச் சக்கரம் வரை வந்து காத்திருக்கும். பிரேக்கை விட்டதும் வண்டி கிளம்புகிறது. புதிதாக வந்து மோத எதுவும் இல்லை. நின்றுபோன வண்டியைக் கயிறு கட்டி இழுக்கும்போது கயிறு விறைப்பாக இருந்தால் வண்டி அலுங்காமல் நகரும். தொங்கலாக விட்டுச் சட்டென்று இழுத்தால் கயிறுதான் அறும். இதனால் ஆட்டோமேட்டிக்கில் விசை குறைவு என்று நினைக்க வேண்டாம். நின்ற நிலையில் கன்வெர்ட்டர் முறுக்குவிசையை ஏறக்குறைய இரண்டு மடங்காக்கித் தருகிறது. குறைவது அடி மட்டுமே.

இனி டயர். பட்டன் வெட்டாத வழவழப்பான பந்தய டயர்தான் ஸ்லிக். டிராக் ஸ்லிக்கில் இரண்டு ரகம். ஒன்று பயஸ், லாரிக்காரர்கள் நைலான் டயர் என்று சொல்லும் கட்டுமானம். இதில் நூலிழைகள் குறுக்கும் நெடுக்குமாகச் சாய்வாகப் போகும். மற்றது நம் கார்களில் இருக்கும் ரேடியல். பயஸ் ஸ்லிக்கைப் பன்னிரண்டு, பதினைந்து பிஎஸ்ஐ காற்றில் வைத்துக் கிளப்புவதை மெதுவாக்கிய காட்சியில் பார்த்தால் விஷயம் விளங்கிவிடும். ரிம் திரும்பிவிட்டது, தரையைத் தொடும் ரப்பர் இன்னும் திரும்பவில்லை. இடையில் பக்கச்சுவரில் சாய்வாக நாலைந்து மடிப்புகள் விழுகின்றன. கிளட்ச் கொடுத்த அடியை அந்த மடிப்புகள் வாங்கிவைத்து, கொஞ்சம் தாமதித்துத் தரைக்குத் தருகின்றன. டயர் லேசாக வழுக்கினாலும் மறுபடி பிடித்துக்கொள்ளும்.

ரேடியலில் தரையைத் தொடும் ரப்பருக்கு அடியில் ஸ்டீல் பெல்ட் இருப்பதால் இவ்வளவு முறுக்கு அதற்கு வராது. பிடித்தால் நன்றாகப் பிடிக்கும், உருளும்போது வீணாகும் சக்தியும் குறைவு, கடைசி நூறு மீட்டரில் வண்டி அலையாது. ஆனால் ஒரு தடவை பிடி விட்டால் ஆக்ஸிலரேட்டரைக் குறைக்காமல் அது மீள்வது அரிது. மேனுவலுக்கு பயஸ், ஆட்டோமேட்டிக்குக்கு ரேடியல் என்ற அமெரிக்க வாய்பாடு பிறந்தது இந்த வித்தியாசத்தில்தான். அந்த ஊரிலேயே இதற்கு விலக்கு உண்டு: கியர்பாக்ஸை உள்ளேயே பூட்டிவைத்துச் சட்டென்று விடும் டிரான்ஸ்பிரேக் பொருத்திய ஆட்டோமேட்டிக் கிளட்ச் வண்டிக்குக் குறையாமல் அடிக்கும்.

இந்த வாய்பாடு நம் ஊரில் இரண்டு இடத்தில் உடைகிறது. முதலாவது, ‘ஆட்டோமேட்டிக்’ என்று ஷோரூமில் விற்பது ஒரே பொருள் அல்ல. 2014இல் செலெரியோவோடு பரவலான ஏஎம்டி உள்ளுக்குள் அசல் மேனுவல்தான். கிளட்ச்சை மிதிப்பது மட்டும் இயந்திரம். அதுவும் பயந்து பயந்து விடும். சிவிடியில் பெல்ட் இருக்கிறது. அதை வைத்து லாஞ்ச் பழகுவது செலவுக்கு வழி. போலோ ஜிடியின் பழைய 1.2 டிஎஸ்ஐயில் இருந்த டிஎஸ்ஜியில் இரட்டை உலர் கிளட்ச்; அந்தப் பெட்டி தாங்கும் வரம்பு 250 நியூட்டன் மீட்டர். பின்னால் வந்த 1.0 டிஎஸ்ஐ ஆட்டோமேட்டிக்கில் இருப்பதோ டார்க் கன்வெர்ட்டர். பேட்ஜைப் பார்த்து டயர் வாங்கினால் ஒரே மாடலில்கூடத் தப்பாகப் போகும். எரிச்சலூட்டும் விஷயம், விற்பனைப் பிரதிநிதியிடம் கேட்டால் பாதிப் பேர் ‘ஆட்டோமேட்டிக் சார்’ என்பதற்கு மேல் சொல்வதில்லை.

இரண்டாவது, அந்த அறிவுரையெல்லாம் பின்சக்கரம் தள்ளும் வண்டிகளை மனத்தில் வைத்தது. நம்மிடம் இருப்பவை பெரும்பாலும் முன்சக்கரம் இழுப்பவை. கிளம்பும்போது எடை பின்னால் சாய்கிறது. இழுக்க வேண்டிய முன்சக்கரத்தின் மேல் பாரம் குறைகிறது. எனவே நல்ல டயர் முன்னால் போக வேண்டும். பின்னால் போட்டு வீண் செய்தவர்களின் கடிதங்களும் வந்திருக்கின்றன. பிஎம்டபிள்யூ 330ஐ போலப் பின்சக்கரம் தள்ளும், கன்வெர்ட்டரும் உள்ள வண்டி வைத்திருப்பவர்களுக்கு மட்டும் வீடியோவை அப்படியே பின்பற்றும் வசதி உண்டு.

தரையும் வேறு. அமெரிக்க ஸ்டிரிப்பில் பிசின் தெளித்து, ரப்பர் ஏற்றி வைத்திருப்பார்கள். ரேடியல் ஸ்லிக் அந்தப் பிடிப்பை நம்பிச் செய்தது. நம் தடங்களோ டிராக்குக்கென்று கட்டியவை அல்ல. ஆம்பி வேலியில் ‘வேலி ரன்’ டிராக் பந்தயம் நடப்பது விமான ஓடுபாதையில். இருங்காட்டுக்கோட்டையில் இருசக்கர டிராக் தேசியப் போட்டி நடப்பது சர்க்யூட் பந்தயத்துக்குக் கட்டிய தடத்தில்.

என் தீர்ப்பு இது. முன்சக்கர மேனுவல் என்றால், பிரேக் காலிப்பர் இடிக்காத அளவுக்குச் சின்ன ரிம், உயரமான பக்கச்சுவர், பட்டன் வெட்டு குறைந்த மென்மையான செமி ஸ்லிக். 17 அங்குல அலாய் அழகுக்குத்தான். காற்றை 33 பிஎஸ்ஐயிலிருந்து இரண்டிரண்டாக இறக்கிப் பார்த்து, நேரம் கூடத் தொடங்கும் இடத்தில் நிறுத்துங்கள். கன்வெர்ட்டர் வண்டிக்கும் டிஎஸ்ஜிக்கும் அதே செமி ஸ்லிக், ஆனால் காற்றை அவ்வளவு இறக்கத் தேவையில்லை. பயஸ் ஸ்லிக், தனி ரிம்மில் மாட்டித் தடத்துக்குக் கொண்டுபோய் மாற்றிக்கொள்ள வசதி உள்ள மேனுவல்காரர்களுக்கு மட்டும்.

டயரின் பக்கத்தில் அச்சிட்டதை நம்பலாமா என்பது அடுத்த கேள்வி. டிஓடி முத்திரை, அமெரிக்க விதிகளுக்கு உட்பட்டது என்று தயாரிப்பாளரே சொல்லிக்கொள்வது. விற்குமுன் அரசு சோதித்துக் கொடுப்பதல்ல. 100, 200 என்ற ட்ரெட்வேர் எண்ணையும் கம்பெனியே போட்டுக்கொள்கிறது; ஒரு பிராண்டின் 200ஐ இன்னொன்றின் 200ஓடு ஒப்பிடுவது வீண். டிராக்‌ஷன் ஏ என்பது ஈரத் தரையில் நேராகப் பிரேக் போட்டுப் பார்த்தது. கிளம்புவதைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. நம் அரசின் நட்சத்திர முத்திரை எரிபொருள் சிக்கனத்தை மனத்தில் வைத்தது. டிராக்குக்கு ஐந்து நட்சத்திரம் சிபாரிசே இல்லை.

டயர் ஆலைக்கு நம் பக்கம் பஞ்சமில்லை. ஒரகடத்தில் அப்போலோ ஆலை இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் ஜேகே, சியட் ஆலைகளும் உண்டு. ஆனால் கடிதங்களில் வரும் டிராக் ஸ்லிக் பெயர்கள் மிக்கி தாம்ப்சன், ஹூசியர், எம் அண்ட் எச்; எல்லாம் அமெரிக்கா. 2020 ஜூன் 12 அன்று வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகம் புதிய டயர் இறக்குமதியைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது, உரிமம் வேண்டும். உள்நாட்டு உற்பத்தியை வளர்க்க என்றார்கள். இங்கே செய்யாத ரகத்துக்கும் சேர்த்துக் கதவைச் சாத்தினால் எது வளரும் என்று விளக்கவில்லை.

மீதிக் கேள்விகள்.

முன்னால் பயஸ், பின்னால் ரேடியல் கலக்கலாமா? வேகத்தில் வண்டி ஆடும்; கலக்காதீர்கள்.

ஸ்லிக்கோடு வீட்டுக்கு ஓட்டி வரலாமா? காருக்குச் சட்டம் கேட்பது 1.6 மில்லிமீட்டர் பட்டன். ஸ்லிக்கில் அது சுத்தமாக இல்லை.

நைட்ரஜன் அடித்தால் நேரம் குறையுமா? காசு குறையும்.

பிடி கூடினால் வேறு எது போகும்? இதுவரை டயர் வழுக்கிக் காப்பாற்றிய கிளட்ச்சும் டிரைவ் ஷாஃப்ட்டும்.

பந்தயம் முடிந்ததும்? காற்றை 33க்கு ஏற்றிய பிறகே வாசலைத் தாண்டுங்கள்.

பெயர் கொடுக்குமுன் கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடியற்காலை ஒரு தடவை ஓட்டிப் பார்க்கலாமா? மோட்டார் வாகனச் சட்டம் 189ஆம் பிரிவின்படி முதல் தடவை 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி பிடிபட்டால் ஓராண்டு வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.