எடைக்கோடும் முதல் சொல்லும்

சேத்துப்பட்டு, ஆரணிப் பக்கத்துத் தறி வீடுகளில் அம்மா தார் சுற்றிக்கொண்டே தூளியை ஆட்டுவார், பாட்டி பார்த்துக்கொள்வார். குழந்தை குப்புற விழுந்தால் கொழுக்கட்டை, வாசற்படி தாண்டினால் பாயசம் என்று கொண்டாடுகிற வீடுகளும் நம்மிடம் உண்டு. அந்த நாளைக் கொண்டாடுவதோடு, எந்த மாதத்தில் நடந்தது என்றும் குறித்து வைக்க வேண்டும்.

எடை எந்தப் பக்கம் போகிறது?

பிறந்த எடை சுமார் 5 மாதத்தில் இரட்டிப்பாகும், ஒரு வயதில் மூன்று மடங்காகும். பிறக்கும்போது சுமார் 50 செ.மீ. இருக்கும் நீளம் ஒரு வயதில் 75-ஐ எட்டும். ஆனால் ஒரு நாள் எடை பெரிதாக எதுவும் சொல்லாது. தாய் சேய் நல அட்டையில் மாதாமாதம் புள்ளி வைத்து இணைக்கும் கோடு மேலே ஏறுகிறதா, படுத்துவிட்டதா என்பதுதான் கேள்வி. குண்டான பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட வேண்டாம்.

தமிழ்நாட்டுக்கு இது புதிதல்ல. 1980-ல் மதுரை மாவட்டத்தில் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், 6 முதல் 36 மாதக் குழந்தைகளை மாதந்தோறும் எடை போட்டு, எடை ஏறாதவர்களுக்கு உடனே சத்துணவு கொடுத்தது. அப்படியிருந்தும் 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், நம் மாநிலத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட நான்கில் ஒரு குழந்தை வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் இருந்தது. இதை நாம் ஏற்கக் கூடாது.

'தானா பேசும்' என்று விடாதீர்கள்

இரண்டு மாதத்தில் முகம் பார்த்துச் சிரிப்பு, நான்குக்குள் கழுத்து நிற்பது, எட்டு, ஒன்பதுக்குள் பிடிமானமின்றி உட்காருவது, ஒரு வயதையொட்டி நடை. முன்னே பின்னே ஆகலாம். 18 மாதமாகியும் நடக்காவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள். குறைமாதக் குழந்தைக்கு, பிறந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து வயதைக் கணக்கிடுங்கள். இரண்டு வயது வரை இதுவே முறை.

எனக்கு அதிகம் கவலை தருவது பேச்சு. "ஆம்பளப் புள்ள லேட்டாத்தான் பேசும், அவங்கப்பாவும் அப்படித்தான்" என்று பெரியவர்கள் ஆறுதல் சொல்வார்கள். அந்த ஆறுதலில் ஓர் ஆண்டு போய்விடுகிறது. ஒரு வயதாகியும் கூப்பிட்டால் திரும்பாமல், விரல் நீட்டிக் காட்டாமல் இருந்தாலோ, இரண்டு வயதில் "அம்மா வா" என இரு சொல் சேர்க்காவிட்டாலோ முதல் வேலை காதுப் பரிசோதனை. சத்தத்துக்குத் திடுக்கிடாத குழந்தையை, 'தறிச் சத்தத்துக்குப் பழகிவிட்டது' என்று விட்டுவிடுவது ஆபத்து. காது கேளாமையை ஆறு மாதத்துக்குள் கண்டறிந்து கருவி பொருத்தினால் பேச்சு வளர வழியுண்டு. கற்ற சொல்லையோ செயலையோ குழந்தை இழந்தால் ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

சக்கரம் வைத்த பிளாஸ்டிக் வாக்கர் சீக்கிரம் நடக்கவைக்காது, விழவைக்கும். கனடா அதை 2004-லேயே தடைசெய்துவிட்டது. குழித்தறி உள்ள வீட்டில் அது வேண்டவே வேண்டாம்.

எங்கே போவது?

அங்கன்வாடியில் எடை, உயரம் பார்ப்பார்கள். தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கே வந்து பரிசோதிக்கும். தேவைப்பட்டால் மாவட்டத்தின் ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்பும். சிகிச்சை இலவசம். கூலி போகுமே என்று தயங்கும் நெசவுக் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த தடுப்பூசி நாளன்று அந்த அட்டையைக் கையோடு கொண்டுபோய், எடைக்கோட்டைக் காட்டி, பேச்சையும் காதையும் பற்றி நீங்களே கேளுங்கள்.