மொத்த மார்க்கு மட்டும் போதுமா? எல்லைத் தமிழ் மாணவர்களின் கல்லூரிக் கணக்கு

பிளஸ்-2 தேர்வு முடிவு வெளியானதும் கொழிஞ்சாம்பாறையானாலும் மூணாறானாலும் எழும் முதல் கேள்வி, "மொத்தம் எத்தனை?" என்பதுதான். 1200-க்கு ஆயிரத்தைத் தாண்டிவிட்டால் அக்கம்பக்கத்தில் மிட்டாய் கொடுக்கிறார்கள். ஆனால் விஞ்ஞானப் பாடம் படிக்க விரும்பும் மாணவனுக்கு அந்த மொத்தத்தால் கிடைக்கும் பலன் குறைவே. எந்தப் பாடத்தில் எவ்வளவு என்பதையே கல்லூரிகள் பார்க்கின்றன. அதையும் கேரளத்தில் ஒரு விதமாகவும் தமிழ்நாட்டில் வேறு விதமாகவும் பார்க்கிறார்கள். இரண்டு பக்கமும் மனுப் போடும் எல்லைத் தமிழர்கள் இரண்டு கணக்கையும் தெரிந்து வைத்திருக்க வேண்டியதாகிறது.

பத்து மார்க்கு வித்தியாசம்

உதாரணமாக இரண்டு மாணவர்களை எடுத்துக் கொள்வோம். நூற்றுக்குக் கணக்கிட்டால் ஒருவனுக்குக் கணிதம் 90, பௌதிகம் 80, ரசாயனம் 70. மற்றவனுக்குக் கணிதம் 70, பௌதிகம் 80, ரசாயனம் 90. கூட்டிப் பார்த்தால் இருவருக்கும் 240-தான். தமிழ்நாட்டு என்ஜினீயரிங் சேர்க்கையில் கணிதம் 100-க்கும் மற்ற இரண்டும் 50-க்கும் எடுக்கப்படுகின்றன. ஆகவே முதல் மாணவனுக்கு 165, இரண்டாமவனுக்கு 155. தரவரிசைப் பட்டியலில் இந்தப் பத்து மார்க்குக்கு நடுவே பல ஆயிரம் பேர் நிற்பார்கள். வேறு போர்டில் படித்தவர்களின் மார்க்கு முதலில் சமன் செய்யப்படுகிறது. ஒரு பாடத்தில் தமிழ்நாட்டு முதல் மார்க்கு 100, மற்ற போர்டின் முதல் மார்க்கு 90 என்றால், அங்கே 60 வாங்கியவருக்கு 66.66 என்று வைத்துக் கொள்வார்கள்.

கேரளத்தில் என்ஜினீயரிங் ரேங்குக்கு நுழைவுத் தேர்வு பாதி, பிளஸ்-2 மார்க்கு பாதி. 2025 வரை மூன்று பாடங்களுக்கும் சம எடை என்பதே இருந்த முறை. 2025-ல் அரசு இதை 5:3:2 என்று மாற்றிக் கணிதத்தை உயர்த்தியது. அந்தக் கணக்கில் நமது முதல் மாணவனுக்கு 300-க்கு 249, இரண்டாமவனுக்கு 231. நுழைவுத் தேர்வு முடிந்த பிறகு விதியை மாற்றியது செல்லாது என்று கேரள ஐகோர்ட்டு அந்த ஆண்டு ஜூலை 9-ந் தேதி தீர்ப்பளித்தது. மறுநாள் டிவிஷன் பெஞ்சும் அதையே உறுதி செய்ய, பழைய முறையில் புதிய பட்டியல் வந்தது. சில நாட்களுக்குள் ரேங்கு இறங்கிய பிள்ளைகளின் நிலையைச் சொல்லவும் வேண்டுமா!

பி.எஸ்சி.க்கு என்ன?

தமிழ்நாட்டு அரசுக் கலைக் கல்லூரிகளில் விஞ்ஞான வகுப்புகளுக்கு நான்கு முக்கியப் பாடங்களின் 400 மார்க்கே ரேங்கு. மொழிப்பாட மார்க்கு கணக்கில் வராது. தமிழிலும் ஆங்கிலத்திலும் வாங்கிய மார்க்கால் மொத்தத்தை உயர்த்தியவர்கள் இங்கே ஏமாறுகிறார்கள். பொள்ளாச்சி, போடி, உத்தமபாளையம் பகுதிகளிலுள்ள அரசு உதவி பெறும் கல்லூரிகளுக்குத் தனியே மனுப் போட வேண்டும். கேரளத்தில் 2024 முதல் நான்கு வருடப் பட்டப்படிப்பு நடைபெறுகிறது. அங்கே மேஜராகக் கேட்கும் பாடத்தின் மார்க்குக்குத் தனி மதிப்பு உண்டு. பௌதிகம் கேட்பவர் பௌதிகத்தில் தளர்ந்திருந்தால், மற்ற பாடங்கள் முழுமையாகக் கைகொடுப்பதில்லை.

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு

எல்லைத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு உண்மையான இடி பிளஸ்-1 வகுப்பில் விழுகிறது. பத்தாவது வரை தமிழ் மீடியத்தில் "முடுக்கம்", "உந்தம்" என்று படித்த மாணவி, அடுத்த ஜூன் மாதம் "ஆக்ஸலரேஷன்", "மொமென்டம்" என்று ஆங்கிலப் புத்தகத்தில் தேடுகிறாள். விஷயம் தெரிந்திருந்தும் விடை எழுத வார்த்தை வராது. கேரளத்தில் பிளஸ்-1, பிளஸ்-2 இரண்டு வருட மார்க்கையும் கூட்டித்தான் ஒவ்வொரு பாடத்துக்கும் 200. தடுமாறிய அந்த முதல் வருடமும் சான்றிதழில் ஏறிவிடுகிறது. பிளஸ்-1 பாடங்களில் மூன்று வரை மேம்பாட்டுத் தேர்வு எழுதலாம். மொழிப்பாடத்துக்கு அந்த வாய்ப்பைச் செலவிடாமல், மேஜராகக் கேட்கப் போகும் பாடத்துக்கு வைத்துக் கொள்வதே புத்திசாலித்தனம்.

மற்றொரு வழியும் உண்டு. 2022-ல் தொடங்கிய மத்தியப் பல்கலைக்கழகப் பொது நுழைவுத் தேர்வில் பாடவாரியாகத் தேர்வு. 2025-ல் ஒவ்வொரு பாடத்துக்கும் 50 கேள்விகள், ஒரு மணி நேரம். சரியான விடைக்கு 5, தவறுக்கு 1 குறைப்பு. திருவாரூர், காசர்கோடு பெரியா ஆகிய இடங்களில் உள்ள மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு இதுவே வாசல். கேள்வித்தாளைத் தமிழிலும் கேட்டுப் பெறலாம். ஆனால் இரண்டு வருடம் ஆங்கிலச் சொற்களில் பழகியவர்கள் தமிழ் என்று குறிக்கும் முன் மாதிரித் தாள் ஒன்றை எழுதிப் பார்த்துக் கொள்வது நல்லது.

மார்க்கு சரியாக இருந்தும் சான்றிதழால் இடம் இழப்பவர்கள் உண்டு. வெளிமாநிலத்தில் படித்த தமிழ்நாட்டுப் பூர்வீகத்தார் என்ஜினீயரிங் சேர்க்கைக்கு நேட்டிவிட்டி சான்று காட்ட வேண்டும். தலைமுறைகளாகத் தேயிலை எஸ்டேட் லயத்தில் குடியிருப்போருக்கு இது சுலபமல்ல. ஒரு மாநிலத்து ஷெட்யூல்டு வகுப்புச் சலுகை, குடிபெயர்ந்தால் அடுத்த மாநிலத்தில் தானாகத் தொடராது என்று சுப்ரீம் கோர்ட்டு 1990-ல் தீர்ப்பளித்துள்ளது. எந்தப் பக்கத்துச் சான்று தங்களுக்குக் கிடைக்கும் என்பதைப் பிளஸ்-1 சேரும்போதே தாலுகா ஆபீசில் விசாரித்து வைத்தால், முடிவு வந்த பிறகு அலைய வேண்டியிராது.